வீடியோவுக்கு மிரர்லெஸ் கேமரா வாங்கப் போறீங்களா? பாடியை அப்புறம் பார்க்கலாம், முதலில் லென்ஸ்!

"யூடியூப் சேனல் ஆரம்பிக்கணும், எந்த கேமரா வாங்கலாம்?" "கல்யாண வீடியோவுக்கு ஃபுல் ஃபிரேம்தான் வேணுமா, ஏபிஎஸ்-சி போதாதா?" வேலைக்குச் சேர்ந்து, கையில் கொஞ்சம் பணம் புரளத் தொடங்கியதும் வரும் கேள்விகள் இவை. கவனித்தால் தெரியும், எல்லாமே கேமரா பாடியைப் பற்றிய கேள்விகள். லென்ஸ் என்ன வாங்கப் போறீங்க என்று கேட்டால், "அதான் கிட்டோட வருதே" என்று பதில் வரும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 18 மாத இஎம்ஐ போட்டு வாங்கிய கேமரா, முதல் வரவேற்பு நிகழ்ச்சியிலேயே மண்டப வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாகப் படம் காட்டும். உடனே, "இன்னும் நல்ல பாடியா எடுத்திருக்கணும்" என்று தோன்றும். அடுத்த பாடி, அடுத்த இஎம்ஐ. பெரும்பாலான நேரம் குறை பாடியில் இருக்காது. அதன் முன்னால் மாட்டியிருக்கும் லென்ஸில் இருக்கும். வீடியோவுக்காக கேமரா வாங்குபவர்கள் முதலில் லென்ஸை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் பாடியைத் தேடுவதே சரியான வரிசை. சந்தை இதைத் தலைகீழாகவே பழக்கி வைத்திருக்கிறது.

வெளிச்சக் கணக்கு

லென்ஸின் பெயரோடு வரும் எஃப் எண் குறையக் குறைய, அதன் வாய் பெரிதாகத் திறக்கும். எண் பாதியானால், உள்ளே வரும் வெளிச்சம் 4 மடங்காகும். சோனி ஏபிஎஸ்-சி கேமராக்களோடு வழக்கமாக வரும் 16-50 மி.மீ. கிட் லென்ஸின் அளவு எஃப் 3.5-5.6. முழுதாக ஜூம் செய்தால் 5.6-க்கு வந்து நிற்கும். அதே 50 மி.மீ. தூரத்தில் எஃப் 2.8 ஜூம் லென்ஸ் 4 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 1.4 பிரைம் லென்ஸ் என்றால் 16 மடங்கு. கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுக்க வேண்டிய காட்சியை, எஃப் 2.8 லென்ஸில் 1600 வைத்தும், எஃப் 1.4 லென்ஸில் 400 வைத்தும் எடுத்துவிடலாம். புள்ளிகள் மறைவது இதனால்தான்.

ஃபோட்டோ எடுப்பவருக்கு இருக்கும் ஒரு வசதி வீடியோ எடுப்பவருக்கு இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெளிச்சம் குறைவாக இருந்தால் ஃபோட்டோவில் ஷட்டர் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். வீடியோவில் அது முடியாது. விநாடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால், ஷட்டர் 1/50 விநாடியில் இருந்தால்தான் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். ஷட்டர் பூட்டப்பட்டுவிட்டதால், மிச்சம் இருப்பது இரண்டே இரண்டு: ஐஎஸ்ஓ அல்லது லென்ஸ். ஐஎஸ்ஓவை ஏற்றினால் புள்ளி வரும். லென்ஸ் மட்டும்தான் கேடு இல்லாத வழி.

ஃபுல் ஃபிரேம் மோகம்

"ஃபுல் ஃபிரேம் வாங்கிட்டா இந்தப் பிரச்சினையே இல்லையே?" நியாயமான கேள்வி. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 x 24 மி.மீ.; ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5 x 15.6 மி.மீ. பரப்பில் 2 மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஒரே எஃப் எண்ணில் பெரிய சென்சார் அதிக வெளிச்சத்தைச் சேகரிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் 'ஒரே எஃப் எண்ணில்' என்ற நிபந்தனையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு உதாரணம். 2023-இல் வந்த கேனான் ஆர்8 ஒரு ஃபுல் ஃபிரேம் கேமரா. அதனோடு வரும் கிட் லென்ஸ் 24-50 மி.மீ., எஃப் 4.5-6.3. அதே ஆண்டு வந்த கேனான் ஆர்50, ஏபிஎஸ்-சி கேமரா; விலையும் குறைவு. அதில் சிக்மாவின் 18-50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸை மாட்டினால், கேனானின் 1.6 மடங்கு சென்சார் கணக்குப்படி அது ஃபுல் ஃபிரேமின் எஃப் 4.5-க்குச் சமம். இரண்டிலும் 50 மி.மீ. பார்வைக் கோணத்துக்கு வந்தால், ஆர்8-இன் கிட் லென்ஸ் எஃப் 6.3-இல் நிற்கும், சின்னக் கேமராவின் லென்ஸ் எஃப் 4.5-க்குச் சமமாக இருக்கும். அதாவது விலை குறைந்த பாடிக்குள் சுமார் 2 மடங்கு வெளிச்சம். ஃபுல் ஃபிரேமுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு, கிட் லென்ஸிலேயே கரைந்துபோகிறது.

'கிராப் சென்சார்' என்ற பெயரே ஏதோ வெட்டி எடுத்த மிச்சம் போன்ற தோற்றத்தைத் தந்துவிட்டது. பல பத்தாண்டுகளாகத் தியேட்டரில் பார்த்த படங்கள், எம்ஜிஆர் படம் முதல் ரஜினி படம் வரை, 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. சினிமாவில் அந்த ஃபிலிம் கேமராவுக்குள் மேலிருந்து கீழாக ஓடும். ஸ்டில் கேமராவில் பக்கவாட்டில் ஓடும். அதனால் சினிமா ஃபிரேமின் அகலம் சுமார் 22 முதல் 25 மி.மீ. வரைதான். இன்றைய ஏபிஎஸ்-சி சென்சாருக்கு மிக நெருக்கமான அளவு அது. டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் 2010-இல் வந்த ஆரி அலெக்ஸா அந்த அளவையே வைத்துக்கொண்டது. ரோஜர் டீக்கின்ஸ் ஒளிப்பதிவு செய்த 'ஸ்கைஃபால்' (2012) அலெக்ஸாவில் எடுத்த படம்தான். 'சினிமாட்டிக் லுக் வேணும்னா ஃபுல் ஃபிரேம்' என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மறுபக்க உதாரணம் ஒன்றும் அடிக்கடி காட்டப்படுகிறது. கேரத் எட்வர்ட்ஸ் இயக்கிய 'தி கிரியேட்டர்' (2023) ஹாலிவுட் படம், சோனி எஃப்எக்ஸ்3 என்ற, கையில் அடங்கும் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவில் எடுக்கப்பட்டது. "பாத்தீங்களா, இந்த கேமராவே போதும்!" என்று அதை விற்பனைப் பேச்சாக்கினார்கள். அந்த கேமராவின் முன்னால் இருந்தவை கோவா அனமார்ஃபிக் என்ற பழைய ஜப்பானிய சினிமா லென்ஸ்கள் என்பதையும், படத்தின் செலவு சுமார் 8 கோடி டாலர் என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. சின்ன பாடி வைத்துக்கொண்டு, லென்ஸிலும் வெளிச்சத்திலும் லொகேஷனிலும் கிராஃபிக்ஸிலும் செலவு செய்தார்கள் என்பதுதான் அந்தப் படம் காட்டும் கணக்கு.

மவுண்ட்: பாடி மாறும், இது மாறாது

பாடியை 3, 4 வருடத்தில் மாற்றிவிடுவோம். லென்ஸ் பத்து வருடம் கூட வரும். ஆனால் ஒரு நிறுவனத்தின் மவுண்டுக்கான லென்ஸ் இன்னொரு நிறுவனத்தின் பாடியில் நேராகப் பொருந்தாது. அதனால் முதல் கேமரா வாங்கும் நாளிலேயே, பல வருடங்களுக்கு எந்த லென்ஸ் சந்தையில் இருக்கப் போகிறோம் என்பதும் முடிவாகிவிடுகிறது.

சோனியின் இ மவுண்ட் 2010-இல் வந்தது. வெளி நிறுவனங்களுக்கு அது கதவைத் திறந்தே வைத்தது. சிக்மா, டாம்ரான், வில்ட்ராக்ஸ் என்று வரிசையாக லென்ஸ்கள் குவிந்ததற்கும், செகண்ட் ஹேண்ட் சந்தையில் சோனி லென்ஸ்கள் எளிதாகக் கிடைப்பதற்கும் அதுதான் காரணம். கேனானின் ஆர்எஃப் மவுண்ட் 2018-இல் வந்தது. ஆட்டோஃபோகஸ் உள்ள வெளி நிறுவன லென்ஸ்களை நீண்ட நாள் உள்ளேயே விடவில்லை. 2024-இல்தான் சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு உரிமம் கிடைத்தது. கேனானின் நிறமும் ஆட்டோஃபோகஸும் பலருக்குப் பிடிக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்ஜெட்டில் ஃபுல் ஃபிரேமுக்குப் போக நினைப்பவர், நல்ல ஜூம் லென்ஸுக்கு கேனான் சொல்லும் விலையையே கொடுக்க வேண்டியிருக்கும். நிக்கான் இசட் மவுண்டில் டாம்ரான், சிக்மா லென்ஸ்கள் சில உண்டு. லைகா, பானாசோனிக், சிக்மா மூவரும் 2018-இல் சேர்ந்து அறிவித்த எல் மவுண்ட் கூட்டணியில், சிக்மாவே பங்காளி என்பதால் லென்ஸுக்குப் பஞ்சமில்லை.

வீட்டில் பழைய கேனான் டிஎஸ்எல்ஆர் லென்ஸ் சும்மா கிடக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் மவுண்டுக்கும் சென்சாருக்கும் நடுவே கண்ணாடி இருந்ததால் இடைவெளி அதிகம்: கேனான் இஎஃப் மவுண்டில் 44 மி.மீ. மிரர்லெஸ்ஸில் அந்த இடைவெளி ஆர்எஃப்-இல் 20, சோனியில் 18, நிக்கானில் 16 மி.மீ. மட்டுமே. மிச்ச இடத்தை நிரப்ப ஒரு அடாப்டர் போதும். கேனான் பாடியில் கேனான் அடாப்டர் போட்டால் ஆட்டோஃபோகஸும் நன்றாகவே வேலை செய்யும்.

ஃபோட்டோவுக்கு நல்லது, வீடியோவுக்கு?

ஃபோட்டோவுக்குப் பேர்போன லென்ஸ் வீடியோவில் சொதப்பலாம். சோனியின் எஃப்இ 50 மி.மீ. எஃப் 1.8 அப்படி ஒன்று. மலிவு, படம் அழகு. வீடியோவில் அதன் ஃபோகஸ் மெதுவாகத் தேடும். அமைதியான அறையில் மோட்டார் சத்தம் கேமரா மைக்கில் விழும். ஒரே 50 மி.மீ.-ஐ வைத்து இரண்டு வேலையும் பார்க்கலாம் என்று வாங்கியவர்கள் நொந்துகொள்வது இதற்காகத்தான்.

இன்னொன்று, ஃபோகஸ் பிரீதிங். மணமகன் முகத்தில் இருந்து மணமகள் முகத்துக்கு ஃபோகஸ் நகரும்போது, யாரும் ஜூம் செய்யாமலேயே படம் லேசாக உள்ளே வெளியே போய்வருவது போலத் தெரியும். லென்ஸ் மூச்சு விடுவது மாதிரி. ஃபோட்டோவில் இது தெரியவே தெரியாது. வீடியோவில் பளிச்சென்று தெரியும். சோனி 2021-இல் ஏ7-4 கேமராவில் இதைச் சரிசெய்யும் வசதியைக் கொண்டுவந்தது. ஆனால் அது சோனியின் குறிப்பிட்ட லென்ஸ்களில் மட்டுமே வேலை செய்யும். வெளி நிறுவன லென்ஸ் வாங்குபவர்கள் இதைத் தெரிந்தே வாங்க வேண்டும்.

கை நடுக்கம் பற்றி விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். சோனி இசட்வி-இ10, அதன் இரண்டாம் பதிப்பு, கேனான் ஆர்50, ஆர்8, நிக்கான் இசட்30 ஆகிய எதிலும் பாடிக்குள் சென்சார் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனை ஆன் செய்தால் படத்தின் ஓரங்களை வெட்டித்தான் நிலைப்படுத்தும். கையை நீட்டி வ்லாக் எடுப்பவர் முகம் மட்டும் திரை முழுக்க நிற்கும். இந்தக் கேமராக்களுக்கு, லென்ஸிலேயே ஸ்டெபிலைசேஷன் உள்ள டாம்ரான் 17-70 மி.மீ. எஃப் 2.8 போன்றவை (சோனி உட்படச் சில மவுண்டுகளில் கிடைக்கிறது) நல்ல ஜோடி. சிக்மா 18-50 அதைவிடச் சின்னது, சோனி மவுண்டில் 290 கிராம்தான். ஆனால் ஸ்டெபிலைசேஷன் இல்லை. நடந்துகொண்டே எடுப்பவருக்கு டாம்ரான், ட்ரைபாடிலோ கிம்பலிலோ வைப்பவருக்கு சிக்மா.

அப்போ பாடியே முக்கியம் இல்லையா?

முக்கியம்தான். ஆனால் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது அல்ல, சின்ன எழுத்தில் இருப்பதுதான் முக்கியம். '4கே 60' என்று போட்டிருக்கும். கேனான் ஆர்10-இல் 4கே 60 எடுத்தால் சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும், 18 மி.மீ. லென்ஸ் ஃபுல் ஃபிரேம் கணக்கில் சுமார் 45 மி.மீ. ஆகிவிடும். சின்ன வீட்டின் ஹாலில் நலங்கு எடுக்கப் போனவர், சுவரோடு ஒட்டி நின்றாலும் எல்லாரும் ஃபிரேமுக்குள் வரமாட்டார்கள். சோனி ஏ7-4, பானாசோனிக் எஸ்5-2 போன்ற ஃபுல் ஃபிரேம் கேமராக்களும் 4கே 60-இல் ஏபிஎஸ்-சி அளவுக்குச் சுருங்கும். கேனான் ஆர்8 சுருங்காது. அந்த ஒரு விஷயத்தில் ஆர்8 உண்மையிலேயே பெரிய கெட்டிக்காரன்.

8 பிட்டா, 10 பிட்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1,024. லாக் முறையில் எடுத்து பிறகு கலர் கிரேடிங் செய்பவர், 8 பிட்டில் மாலை வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவதைப் பார்ப்பார். கலரைத் தொடாமல் அப்படியே அப்லோட் செய்பவருக்கு 8 பிட் தாராளம். 10 பிட் வேண்டும் என்று முடிவெடுத்தால், வீட்டு லேப்டாப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. 4:2:2 10 பிட் எச்.265 ஃபைல்களைத் திறந்ததும் பழைய லேப்டாப்கள் திணறும்.

காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவருக்கு மட்டும், ஸ்பெக் பட்டியலில் இரண்டே இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு கார்டு ஸ்லாட். தாலி கட்டும் நேரத்தில் கார்டு பழுதானால் ரீடேக் கேட்க முடியாது. இரண்டு, சூடு. 2020-இல் கேனான் ஆர்5 வந்தபோது 8கே பதிவு சுமார் 20 நிமிடத்தில் நிற்கும் என்று கேனானே அறிவித்தது. அதுவும் 23 டிகிரி வெப்பத்தில். மே மாத முகூர்த்தத்தில் ஏசி இல்லாத மண்டபத்தில் 23 டிகிரிக்கு எங்கே போவது? சோனி எஃப்எக்ஸ்30, பானாசோனிக் எஸ்5-2 இரண்டிலும் உள்ளே ஃபேன் உண்டு, இரண்டு ஸ்லாட்டும் உண்டு. தொழிலுக்கு என்றால் தேடலை அங்கே தொடங்கலாம். செகண்ட் ஹேண்டில் பழைய மாடல் எடுப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அவற்றில் பல, 29 நிமிடம் 59 விநாடியில் தானாகவே பதிவை நிறுத்திவிடும். 30 நிமிடம் பதிவு செய்யும் கருவிகளை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு ஐரோப்பிய ஒன்றியம் போட்ட கூடுதல் வரிக்குப் பயந்து வைத்த வரம்பு அது. சோனி ஏ7-3-இல் அது இருக்கிறது.

நம்ம ஊர் கரண்ட், நம்ம ஊர் வெயில்

வெளிநாட்டு யூடியூபர் "24 ஃபிரேம், ஷட்டர் 1/48" என்று சொல்வதை அப்படியே நம்ம ஊர் மண்டபத்தில் வைத்தாலோ, 30 ஃபிரேம், 1/60 என்று வைத்தாலோ, படத்தில் விளக்குகள் மினுமினுக்கலாம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். 25 ஃபிரேம், 1/50 விநாடி வைத்தால் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும். மெனுவில் 'பால்', 'என்டிஎஸ்சி' என்று கேட்கும் கேமராக்களில் பால் என்று வைத்தால்தான் 25, 50 எல்லாம் கண்ணில் படும். ஒரு ரூபாய் செலவில்லாத மாற்றம் இது. (மலிவு எல்இடி அலங்கார விளக்குகள் தனி ரகம், சில எதற்கும் அடங்காது.)

வெயில் எதிர்ப்பக்கப் பிரச்சினை. லாக் முறையில் ஐஎஸ்ஓ 800-க்குக் கீழே பல கேமராக்கள் இறங்காது. உச்சி வெயிலில் அந்த ஐஎஸ்ஓவுக்குச் சரியான கணக்கு எஃப் 16, 1/800 விநாடி. பின்னணி மங்கலாக வேண்டும் என்று எஃப் 2.8-உம், அசைவுக்காக 1/50-உம் வைத்தால் 9 ஸ்டாப் வெளிச்சம் அதிகம், அதாவது சுமார் 500 மடங்கு. என்டி ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அங்கே படம் வெள்ளையாக வெந்துபோகும். 2 முதல் 5 ஸ்டாப் வரை குறைக்கும் வேரியபிள் என்டி, காலை மாலைக்குச் சரி. மதியத்துக்கு 6 முதல் 9 வேண்டும். ஃபில்டர் அளவு லென்ஸுக்கு லென்ஸ் மாறும் என்பதால், பெரிய அளவில் ஒன்று வாங்கி, ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்வது சிக்கனம்.

கார்டு, மைக் எல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்" பட்டியலில் போய்விடும். போகக் கூடாது. 200 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 90 ஜிபி. இரண்டு நாள் கல்யாணத்தில் 10 மணி நேரம் ஓடினால் 900 ஜிபி. பேக்கப் சேர்த்தால் இரண்டு மடங்கு. ஒலி கேட்டுப் பார்க்க ஹெட்ஃபோன் துளை கேனான் ஆர்50-இலும் நிக்கான் இசட்30-இலும் கிடையாது, இசட்வி-இ10-இல் உண்டு. பேட்டி எடுப்பவருக்கு இந்தச் சின்னத் துளை, 6கே-வைவிட உபயோகமானது.

கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது? பாடிக்குப் பாதிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் மிச்சம் தானாக அமையும்: எஃப் 2.8 ஜூம் ஒன்று, பிறகு சிக்மா 30 அல்லது 56 மி.மீ. எஃப் 1.4 போன்ற பிரைம் ஒன்று, என்டி, மைக், ஒரு விளக்கு. பணம் பற்றவில்லை என்றால் பாடியில்தான் இறங்க வேண்டும், லென்ஸில் இல்லை. பழைய பாடியாகக்கூட இருக்கட்டும். 2017-இல் வந்த பானாசோனிக் ஜிஹெச்5, பாடிக்குள்ளேயே 10 பிட் பதிவும் ஸ்டெபிலைசேஷனும் தரும். அதன் வீடியோ ஆட்டோஃபோகஸை நம்ப முடியாது என்பதால் விலை இறங்கிக் கிடக்கிறது. ட்ரைபாடில் வைத்து, கையால் ஃபோகஸ் செய்து பேட்டி எடுப்பவருக்கு அது லாபம்.

வாங்குவதற்கு முன்னால், நினைத்திருக்கும் லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்லது. சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக் கடைகளுக்குக் குறைவில்லை. செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால், செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் இருந்து அடித்து, முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் அலமாரிக்குள் வைத்த லென்ஸ்களுக்கு சகஜமாக வரும் நோய். விலையில் எவ்வளவு குறைத்தாலும் எடுக்க வேண்டாம். புது லென்ஸ் வாங்குபவர்களும் காற்றுப் புகாத டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு, 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் போதும். ஈரப்பதம் காட்டும் குட்டி மீட்டரின் விலை, ஒரு மெமரி கார்டு விலைகூட வராது.